கொரியப் பழமொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஆங்கில சப்டைட்டிலால்தான். கொரிய நாடகம் ஒன்றில் ஒருவர் தெளிவாக ‘ஹொராங்இ’ என்கிறார். கீழே ஓடும் எழுத்தில் சாத்தான் வருகிறது. ஹொராங்இ என்றால் புலி என்பது அப்போதே எனக்குத் தெரியும். அந்தப் புலியை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று தேடப் போனவன், கொரிய மொழி வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். கூடப் படிப்பவர்களும் நாடகம் பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது தோராயமான உச்சரிப்புதான்.

அந்தப் புலி என்னதான் ஆயிற்று?

அவர் சொன்னது ‘ஹொராங்இதோ ஜே மல் ஹாம்யொன் ஓந்தா’. புலியேகூட, தன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் வந்து நிற்கும் என்று அர்த்தம். யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவரே கதவைத் திறந்துகொண்டு வரும்போது சொல்வது. ஆங்கிலேயர்கள் அதே இடத்தில் சாத்தானைக் கூப்பிடுவார்கள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் புலியை அனுப்பிவிட்டார். நாமாக இருந்தால் “உங்களுக்கு ஆயுசு நூறு” என்போம். சூழ்நிலை ஒன்றுதான். ஆனால் ஒருவர் சாத்தானாகிறார், ஒருவர் புலியாகிறார், நம்மூரில் ஆசீர்வாதம் வாங்குகிறார்.

புலி அங்கே கற்பனை மிருகம் இல்லை. கொரியத் தீபகற்பத்தின் மலைகளில் நிஜமாகவே திரிந்தது. ஜோசொன் அரச காலத்தில் புலி வேட்டைக்கென்றே வீரர்களை வைத்திருந்தார்கள். பேர் சொன்னால் வந்துவிடுமோ என்ற பயம் இந்த வாக்கியத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று தென்கொரியக் காடுகளில் புலி கிடையாது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸின் சின்னமாகவும், 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸில் வெள்ளைப் புலியாகவும் பொம்மை வடிவத்தில் மட்டும் வந்துபோனது.

பழமொழிக்குக் கொரிய மொழியில் என்ன பெயர்?

சொக்தம். இது பேச்சு வழக்கில் பிறந்த, முழு வாக்கியமாக வருவது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகை, சீன எழுத்துகள் நான்கை அடுக்கிய ‘சாஜா சொங்கொ’. முன்னது பாட்டி சொல்வது, பின்னது தலையங்கம் எழுதுபவர் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்து இரண்டு உடையிலும் வருவதுண்டு. மாட்டின் காதில் வேதம் ஓதுவது என்ற சொக்தமே நான்கெழுத்தில் ‘உ-இ-தொக்-க்யொங்’ ஆகிவிடும்.

தமிழ்ப் பழமொழியோடு அப்படியே பொருந்துவது எது?

எல்லோரும் கேட்பது இதைத்தான். எனக்குப் பிடித்த ஜோடி காகத்தைப் பற்றியது. நம்மிடம் ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’. அவர்களிடம் ‘க்காமக்வி நல்ஜா பே த்தொரொஜிந்தா’, அதாவது காகம் பறந்ததும் பேரிக்காய் விழுந்தது. முதன்முதலில் படித்தபோது துள்ளிக் குதித்தேன். பனைக்குப் பதில் பேரி, உட்கார்வதற்குப் பதில் பறப்பது, மற்றபடி அதே கதைதானே என்று.

அதே கதை இல்லை. வகுப்பில் ஒருநாள் ஆசிரியை இப்படி விளக்கினார்: அலுவலகத்தில் காபி மெஷினில் காபி பிடித்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள். அடுத்த நொடி மெஷின் புகை விட்டு நின்றுபோகிறது. எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது நீங்கள் முனகுவதுதான் இந்தக் காகம். தற்செயல் என்பதல்ல இதன் மையம். தற்செயலால் வீண் சந்தேகத்துக்கு ஆளாவதுதான். அரசியல்வாதி மீது வழக்குப் பாயும் நேரத்தில் வேறொன்று நடந்தால், கொரியப் பத்திரிகைகள் இதன் நான்கெழுத்து வடிவமான ‘ஓ-பி-இ-ராக்’கைத் தூக்கிப் போடும்.

நாம் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் சொல்கிறோம். தானாக நடந்ததற்கு ஒருவன் பெருமை தேடிக்கொண்டால் “அது காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைப்பா” என்று மட்டம் தட்டுகிறோம். தமிழ்க் காகம் பெயர் தட்டிக்கொண்டு போகிறது, கொரியக் காகம் பழி சுமக்கிறது. இணையத்தில் ‘இதற்கு இது சமம்’ என்று போடும் பட்டியல்களை நான் அரை நம்பிக்கையோடு படிப்பதற்குக் காரணம் இந்தக் காகம்தான். படிமம் ஒத்துப்போனால் பயன்பாடும் ஒத்துப்போகும் என்று உறுதியில்லை.

எந்தப் பழமொழியைப் பார்த்தாலும் ‘த்தொக்’ என்று வருகிறதே, அது என்ன?

அரிசியை அவித்து இடித்தோ, மாவை ஆவியில் வேகவைத்தோ செய்யும் பண்டம். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மென்றால் ஜவ்வு மாதிரி இழுக்கும். புத்தாண்டு, கல்யாணம், குழந்தையின் நூறாவது நாள் என எதற்கும் த்தொக் உண்டு. விசேஷ நாள் பண்டம் என்பதால் பழமொழிகளில் த்தொக் என்றால் பெரும்பாலும் ‘கிடைக்கிற நல்லது’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

படத்தில் இருக்கும் த்தொக் என்றால் எட்டாத ஆசை. அடுத்தவன் கையில் இருக்கும் த்தொக் பெரிதாகத் தெரியும், நம் அக்கரைப் பச்சை மாதிரி. பிடிக்காதவனுக்கு ஒரு த்தொக் கூடுதலாகக் கொடு என்று ஒன்று இருக்கிறது. இதை அன்பின் உச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். தொல்லை தராமல் இருக்கட்டும் என்று வாயை அடைக்கும் தந்திரமும் அதில் இருக்கிறது. படுத்துக்கொண்டே த்தொக் தின்பது மிகச் சுலபமான வேலைக்குச் சொல்வது. என் அனுபவத்தில் படுத்துக்கொண்டு த்தொக் தின்றால் தொண்டையில் சிக்கும், இதை யார் சுலபம் என்றார்களோ.

தொண்டையில் சிக்கும் என்பதால்தான் அடுத்தது. த்தொக்கோடு குடிக்க முள்ளங்கிக் கிம்ச்சியின், அதாவது கொரிய ஊறுகாயின், புளித்த நீரை வைப்பது வழக்கம். ‘கிம்ச்சிக்குக்’ என்பார்கள், விழுங்க இதமாக இருக்கும். இப்போது பக்கத்து வீட்டில் த்தொக் இடிக்கும் சத்தம் கேட்கிறது. நமக்கும் ஒரு தட்டு வரும் என்று நினைத்து, முன்கூட்டியே கிம்ச்சி நீரைக் குடித்துத் தயாராகிறான் ஒருவன். பழமொழி அவனைப் பார்த்துச் சொல்கிறது: ‘த்தொக் தரவேண்டியவர் நினைக்கவே இல்லை, இவன் கிம்ச்சி நீரில் ஆரம்பித்துவிட்டான்.’ பெண்ணே பார்க்கவில்லை, பிள்ளைக்குப் பேர் வைக்கிறான் என்கிறோமே, அந்த ரகம். இன்றைக்கும் மிக அதிகமாகப் புழங்குகிறது. ஒரு பெண் சிரித்துப் பேசினாள் என்பதற்காகக் காதல் என்று முடிவுகட்டும் நண்பனிடம் “கிம்ச்சி நீரைக் குடிக்காதே” என்றால் போதும்.

இவை எவ்வளவு பழையவை?

தேதி போட முடியாதவைதான் அதிகம். அறிஞர்கள் தொகுக்கத் தொடங்கிய காலம் தெரியும். 1678-இல் ஹொங் மன்ஜொங் தன் நூலின் பின்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தார். 1820-இல் பெரும் அறிஞர் ஜொங் யாக்யொங் ஒரு தொகுப்பு செய்தார். இரண்டும் செம்மைச் சீனத்தில் எழுதப்பட்டவை. தெருவில் கொரிய மொழியில் பேசிக்கொண்டதைப் படித்தவர்கள் சீனத்தில் எழுதிவைத்தார்கள், அன்றைய வழக்கம் அது.

ஆனால் சில பழமொழிகள் தங்கள் வயதைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும். ‘அரிவாளைக் கண்ணெதிரே வைத்தும் கியொக் எழுத்து தெரியாதவன்’ என்று தற்குறியைக் கிண்டல் செய்வார்கள். கொரிய எழுத்துகளில் முதலாவது கியொக். மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு, வலது முனையில் கீழே இறங்கும் இன்னொரு கோடு, அவ்வளவுதான். கொரிய அரிவாளின் அலகு பிடியிலிருந்து நேராக மடங்கி நிற்கும், அப்படியே அந்த எழுத்து. தினமும் எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறான், எழுத்து தெரியவில்லை. நாம் ‘அனா ஆவன்னா தெரியாதவன்’ என்பதைவிட இதில் ஏளனம் ஒரு படி கூடுதல். ஹங்குல் எழுத்தை மன்னர் செஜொங் 1446-இல் அறிவித்தார். ஆகவே இது அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

அதேபோல ‘சின்ன மிளகாய்தான் அதிகம் காரம்’. நம்மிடம் இதே இடத்தில் கடுகு, சிறுத்தாலும் காரம் போகாதது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொரியாவுக்கு அது ஜப்பான் வழியாக வந்தது என்றும், மக்கள் அதை ‘ஜப்பான் கடுகு’ என்று அழைக்கிறார்கள் என்றும் 1614-இல் எழுதப்பட்ட ஒரு கொரியக் கலைக்களஞ்சியம் குறிக்கிறது. கடுகில் தொடங்கி மிளகாய்க்குப் போனார்கள் பாருங்கள். கிம்ச்சி என்றாலே சிவப்பு என்று நினைக்கும் நமக்கு, அந்தச் சிவப்பு இவ்வளவு புதியது என்பது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

‘ஒரே ஒரு ஊரில்’ என்று நாம் கதை தொடங்கும் இடத்தில் அவர்கள் ‘புலி புகையிலை பிடித்த காலத்தில்’ என்பார்கள். அந்தப் புகையிலையும் அமெரிக்கச் சரக்குதான். ஆதிகாலத்தைக் குறிக்க அவர்கள் பிடித்த புலிக்கு வயது நானூறு வருடம்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் ஆயிரம் மைல் என்று போடுகிறார்கள், சரியா?

தவறு. கொரியப் பழமொழிகளில் வரும் தூர அளவு ‘ரி’. ஒரு ரி சுமார் 400 மீட்டர். ஆயிரம் ரி என்றால் 400 கிலோமீட்டர், சியோலில் இருந்து புசானுக்குச் சாலை வழிப் பயணம் அளவுக்கு. கொரிய தேசிய கீதத்தில் மூவாயிரம் ரி என்றால் அது மொத்த நாட்டையும் குறிக்கும். ஆகவே ஆயிரம் ரி என்பது நாட்டின் மூன்றில் ஒரு பங்கு. கேட்பவன் மனசில் ஓடுவது அந்தத் தூரம், அமெரிக்க நெடுஞ்சாலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ‘பல் ஓம்னுன் மாரி ச்சொல்லி கந்தா’: காலில்லாத பேச்சு ஆயிரம் ரி போகும். ‘மல்’ என்றால் பேச்சு, ‘மல்’ என்றால் குதிரையும்கூட. காலில்லாத குதிரை ஆயிரம் ரி ஓடுகிறது என்ற சிலேடை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலும் இது வராது. போதாக்குறைக்கு, ஆயிரம் ரி என்பதைச் சேர்த்து உச்சரித்தால் ‘ச்சொல்லி’ என்று காதில் விழுகிறது. ஊரெல்லாம் ‘சொல்லி’ப் போகும் பேச்சு என்று தமிழர் யாரும் சிரிக்காமல் கடக்க முடியாது. சும்மா தற்செயல்தான். காகமும் பேரிக்காயும்.

அப்படியானால் தமிழும் கொரிய மொழியும் உறவா?

இரண்டு மொழியிலும் ஒத்து ஒலிக்கும் அம்மா, அப்பா என்ற சொற்களில் தொடங்கி இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். 1905-இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. பழமொழி ஒற்றுமைக்கு உறவு தேவையும் இல்லை. நெல் விளைவித்து, மாடு கட்டி, மாமியாரோடு ஒரே கூரையில் வாழ்ந்த எந்தச் சமூகமும் ஏறக்குறைய இதே முடிவுகளுக்குத்தான் வரும். கதிர் முற்ற முற்றத் தலை கவிழும் என்று சொல்ல வயல் இருந்தால் போதும்.

அவசரத்துக்குச் சில ஜோடிகள் தர முடியுமா?

மூன்று வயசுப் பழக்கம் எண்பது வரை: நமக்குத் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அவர்கள் எண்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நாம் சுடுகாடு வரை விடுவதில்லை. பகல் பேச்சைப் பறவை கேட்கும், இரவுப் பேச்சை எலி கேட்கும்: பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே. தர்பூசணியின் தோலை நக்குவது: நுனிப்புல் மேய்வது. நோயும் கொடுத்து மருந்தும் கொடுப்பது: பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது. மாடு தொலைந்த பிறகு தொழுவத்தைச் செப்பனிடுவது: தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. அவரை விதைத்த இடத்தில் அவரை என்ற தொனியில் வருவதற்கு வினை விதைத்தவன் வினை அறுப்பான். அவர்கள் விதைப்பது சோயாவும் சிவப்புக் காராமணி மாதிரியான ‘பத்’தும்.

இவற்றையும் முன்பு சொன்ன எச்சரிக்கையோடுதான் தருகிறேன்.

கொரியாவின் சரித்திரம் தெரிந்தால்தான் புரியும் என்று ஏதாவது உண்டா?

திமிங்கிலச் சண்டையில் இறாலின் முதுகு உடையும். பெரிய ஆட்கள் மோதிக்கொள்ள, நடுவில் இருக்கும் சின்னவன் அடிபடுவது. வீட்டில் மாமியார் மருமகள் சண்டையில் மாட்டிய மகனும் இப்படிச் சொல்லலாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்போமே, அதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் கொரியர்கள் நாட்டைப் பற்றியே இதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். 1894-இல் சீனாவும் ஜப்பானும், 1904-இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிக்கொண்டது கொரியாவை யார் கையில் வைப்பது என்பதற்காக. 1910-இல் நாடே ஜப்பான் வசம் போயிற்று. இன்று அமெரிக்காவும் சீனாவும் வரி விதித்து மோதும் செய்தியிலும் அந்த இறால் வந்துவிடும்.

இன்னொன்று ‘கும்காங் மலையும் சாப்பிட்ட பிறகுதான்’. எவ்வளவு அழகான காட்சியானாலும் வயிறு நிறைந்த பிறகே ரசிக்க முடியும். 1,638 மீட்டர் உயரமுள்ள அந்த மலை இப்போது வடகொரியாவில் இருக்கிறது. 1998-இல் தென்கொரியர்களுக்குச் சுற்றுலா திறந்தார்கள். 2008-இல் சுற்றுலா வந்த பெண் ஒருவர் வடகொரியக் காவலர் சுட்டதில் இறந்தார், அதோடு நின்றுபோனது. சாப்பிட்டு முடித்தாலும் பார்க்க முடியாத மலையைச் சொல்லித்தான் இன்று தெற்கில் எல்லோரும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

‘பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும்’, இது நிஜமா?

நிஜம்தான். சொந்தக்காரன் முன்னேற்றத்தைப் பார்த்துப் பொறாமை. அவர்களுக்கு வலிக்கிறது, நமக்கு எரிகிறது, உறுப்பு ஒன்றே. அந்தக் காலத்தில் பங்காளி நிலத்துக்கு உரம் கொடுத்து உதவ வயிறு வலித்தது, அதாவது வெளிக்குப் போக வந்தது என்று நல்லெண்ண விளக்கம் ஒன்றும் சுற்றுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. நான் நம்பவில்லை.

இன்று சொன்னால் முகம் சுளிப்பவை?

‘பெட்டைக்கோழி கூவினால் குடும்பம் நாசம்’ முதலிடம். வீட்டில் பெண் குரல் உயரக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. கேலியாகக்கூடச் சொல்லாதீர்கள். வாய்பேச முடியாதவர்களை வைத்துச் சொல்லும் பழமொழிகளுக்கும் இப்போது எதிர்ப்பு இருக்கிறது. நம் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்று கொஞ்சம் நுட்பம். ‘பத்து முறை வெட்டினால் விழாத மரம் இல்லை.’ விடாமுயற்சிக்கு நல்ல வாசகம், அம்மி நகர்வது மாதிரி. ஆனால் மறுத்த பெண்ணைத் துரத்தும் ஆணுக்கு ஊக்கம் கொடுக்கவே பல காலம் இதைப் பயன்படுத்தினார்கள். பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் தென்கொரியாவில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பத்து முறை வெட்டினால் இப்போது வழக்குதான். படிப்பு, தொழில் தொடர்பாகச் சொன்னால் பிரச்சினை இல்லை.

இளைஞர்கள் பழமொழி சொல்கிறார்களா?

சொல்வதைவிட உடைப்பதில் கெட்டிக்காரர்கள். ‘தூசி சேர்ந்தால் தேசான் மலை’ என்பது நம் சிறுதுளி பெருவெள்ளம். தேசான், சீனாவின் தை மலை. நகைச்சுவையாளர் பாக் மியொங்சு அதை ‘தூசி சேர்ந்தால் தூசிதான்’ என்று ஒரே சொல்லில் கவிழ்த்தார். சியோல் வீட்டு விலையைப் பார்த்து ஏங்கும் தலைமுறைக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கிராமத்துப் பாடசாலை நாயும் மூன்று வருடத்தில் கவிதை சொல்லும் என்பதை, சாப்பாட்டுக்கடை நாயும் மூன்று வருடத்தில் ராம்யொன் நூடுல்ஸ் வேகவைக்கும் என்று மாற்றினார்கள்.

பேச்சில் எப்படிச் சேர்ப்பது? தேர்வுக்கு உதவுமா?

டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் இரண்டாம் கட்ட வாசிப்புப் பகுதியில் மரபுத்தொடரும் பழமொழியும் கேட்பதுண்டு, முப்பது நாற்பது தெரிந்தால் தாராளம்.

பேச்சில்தான் கவனம் வேண்டும். பழமொழி மரியாதை விகுதி இல்லாத ‘-தா’வில் முடியும். பெரியவரிடம் அப்படியே சொன்னால் மொட்டையாக இருக்கும். பின்னால் ‘-கோ ஹாஜானாயோ’ சேர்த்து “என்று சொல்வார்களே” என முடித்தால் பணிவாகிவிடும். இருந்தாலும் சின்னவர் பெரியவருக்குப் பழமொழி சொல்வது புத்தி சொல்வது மாதிரிதான் படும். வகுப்பில் ஒருமுறை ஆசிரியை பலகையில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் ஆறுதலாக “குரங்கும் மரத்திலிருந்து விழும்” என்றேன், விகுதியெல்லாம் சரியாகப் போட்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு நிகர் அதுதான், திறமைசாலிக்குத்தான் சொல்வார்கள். ஆனால் நம்மூரில் டீச்சரை யானை என்றால் சமாளிக்கலாம், குரங்கு என்றால்? ஒரு கணம் வகுப்பே அமைதி. பிறகு அவரே சிரித்து, “அதை உன் சிநேகிதனுக்கு வைத்துக்கொள்” என்றார்.

பாதியில் விடுவதும் ஒரு கலை. முழுப் பழமொழியையும் ஒப்பிப்பவர்கள் படிக்கிறவர்கள். அதற்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு ஒரு சொல் போதும். டோபிக் எழுதிவிட்டு வந்த அன்று, சியோலில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், விடுதி வாடகை எவ்வளவு என்று நண்பனிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஆசிரியை பையைத் தோளில் மாட்டியபடி “கிம்ச்சிக்குக்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.